சிரித்துக்கொண்டு வருகிறவர்கள்

மக்கள் கருத்து என்றால் நாட்டிலுள்ள அத்தனை பேரையும் வரிசையாக உட்காரவைத்து விசாரிக்கிற காரியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. ஒரு பொம்பளை, கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் ஒரு அட்டை, காலில் வீக்கம். அவ்வளவுதான். தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணத்தை இரண்டு மடங்காக்கலாமா வேண்டாமா என்று மக்களைக் கேட்டுவிட வனத்துறையில் முடிவானபோது, மலையடிவாரத்து வாசலில் போய் நின்று கேட்கும்படி கருத்துக் கணிப்பு நிறுவனம் அனுப்பிவைத்தது பெரியவளை.

பெரியவள் என்பது பிறந்த வீட்டுப் பெயர். இரண்டு பெண்களில் மூத்தவள், அதனால் பெரியவள். இளையவள் சின்னவள். இந்தச் சின்னவளுக்கு அதே வாசலில், டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே, துறையிடம் குத்தகைக்கு எடுத்த ஒரு கடை இருந்தது. தொப்பி, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, பஞ்சடைத்த கரடி பொம்மை. முதுகெலும்பு பிசகி வீட்டோடு கிடக்கிற புருஷன், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், அத்தனை பேர் வயிறும் அந்தக் கடையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சின்னவளை உடனே பாவம் என்று சொல்லிவிட வேண்டாம். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. முதல் தூறல் விழுந்ததும் மழைக்கோட்டின் விலையைக் கூசாமல் ஏற்றுவாள். கட்டணப் பலகையைப் படித்துவிட்டு, பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பலகைக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிற குடும்பங்களைப் பார்த்து, "வந்ததுக்குப் பலகையையாவது பார்த்தாங்களே" என்று சிரிப்பாள். அப்படித் திரும்புகிறவர்கள் ஒரு சின்னப் பொம்மையாவது வாங்காமல் போவதில்லை, பிள்ளையின் அழுகையை நிறுத்த வேண்டுமே. அது தெரிந்து, பொம்மைகளை அவர்கள் திரும்புகிற பக்கமாகவே தொங்கவிட்டிருந்தாள்.

கட்டணம் ஏறப்போகிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. காரில் வருகிறவர்கள் அவளிடம் வாங்குவதில்லை. அவர்கள் தொப்பியும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறவர்கள். பஸ்ஸில் குடும்பத்தோடு வந்து இறங்குகிற கூட்டம்தான் அவளுக்குச் சோறு போட்டது. கட்டணம் ஏறினால் முதலில் நிற்பது அந்தக் கூட்டம். ஆகவே கருத்துக் கேட்க வருவது தன் கூடப் பிறந்தவளேதான் என்று தெரிந்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது அவளுக்கு. தெய்வமே நேரில் வந்து இறங்கிய மாதிரி, கடைக்குள் இருந்த ஒரே நாற்காலியை எடுத்து நிழலில் போட்டாள்.

"பொய்யா எதையும் எழுதச் சொல்லலக்கா. ஜனங்க சொல்றத மட்டும் எழுது. ஜனங்க வேணாம்னுதான் சொல்லுவாங்க. அது போதும் எனக்கு."

சரி என்றாள் பெரியவள். அந்த நிமிஷத்தில் மனதாரத்தான் சொன்னாள்.

இப்போது பெரியவளின் கதையையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். சோப்புக்கும் ஷாம்புக்கும் பஸ் கட்டணத்துக்கும் கருத்துக் கேட்டுக் கேட்டு வாசல் வாசலாக நின்று தேய்ந்தவள் அவள். நரம்பு சுருட்டிக்கொண்ட இரண்டு கால்களையும் ராத்திரி தலையணைமேல் தூக்கி வைத்தால்தான் கண் மூடும். அலுவலகத்தில் மேற்பார்வையாளர் நாற்காலி ஒன்று காலியாகியிருந்தது. மின்விசிறிக்குக் கீழே, ஜன்னலோரமாக. அவளைக் கிளப்பிவிடும்போது மேலாளர் அந்த நாற்காலியைப் பார்த்தபடியே பேசினார்.

"துறை எந்தப் பதில் வேணும்னு சொல்லலம்மா. நாம நேர்மையான ஆளுங்க, அப்படிச் சொன்னா எடுத்துக்கவும் மாட்டோம். எந்தப் பதில் வந்தா மத்த பூங்காவுக்கும் நம்மளையே கூப்பிடுவாங்கன்னு மட்டும் சொன்னாங்க."

எந்தப் பதில் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வேலை தெரிந்தவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

வாசலை விட்டு வெளியே வருகிறவர்களில் ஐந்தாவது ஆளைக் கேள் என்பது கணிப்பின் சட்டம். இந்தச் சட்டத்தை எழுதியவன் ஒருநாள் கூட வாசலில் நின்றிருக்க மாட்டான். ஐந்தாவதாக வருகிறவன் தோளில் தூங்குகிற பிள்ளையோடு வருவான், அல்லது பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான், அல்லது பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டே வருவான். "போம்மா அங்கிட்டு" என்பதைப் பதிலாகப் பதிந்துகொள்ள டேப்லெட்டில் இடம் இல்லை. அதனால் கருத்துக் கேட்கிறவர்கள் எல்லோரும் நின்று பதில் சொல்கிற முகமாகப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். ஊரறிந்த ரகசியம் இது.

முதல் நாள் காலை முழுவதும் பெரியவளுக்கு ஆளே சிக்கவில்லை. சின்னவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுத் தன் தொழில் ரகசியத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் போகாதே, கடித்து வைத்துவிடுவார்கள். மேலே காட்டில் கரடியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் செல்போனை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். அவர்களைப் பிடி, நின்று நிதானமாகப் பேசுவார்கள் என்றாள்.

"மனசு நெறஞ்சு வர்றவன் யாராவது கட்டணத்த ஏத்துன்னு சொல்லுவானா? மாட்டான். நான் காட்டறேன், நீ கேளு."

அப்படியே நடந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே சின்னவள் கூட்டத்தைத் துழாவி, தாடையால் ஒருவரைக் காட்டுவாள். அவள் கண் தப்பியதே இல்லை. இத்தனை வருஷமாக யார் பொம்மை வாங்குவார், யார் கையை உதறிவிட்டுப் போவார் என்று முகம் பார்த்தே பிழைத்தவள் அல்லவா? பெரியவள் போய்க் கேட்பாள். அவர்களும் நிற்பார்கள், சிரிப்பார்கள், பதில் சொல்வார்கள்.

சொன்ன பதில்தான் வேறு.

கரடியைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏற்றலாம் என்றார்கள். ஒருத்தர் தவறாமல் சொன்னார்கள். அதுவும் குட்டியோடு பார்த்தவர்கள், இரண்டு மடங்கு என்ன, மூன்று மடங்கு வைத்தாலும் தகும் என்றார்கள். தொப்பியை ஒயிலாகச் சாய்த்து வைத்திருந்த ஒரு பெண்மணி பெரியவளின் தோளைத் தொட்டு, "நல்லா ஏத்துங்க. கண்ட கூட்டமும் உள்ள வந்து கத்தாம இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நேரே சின்னவளின் கடைக்குப் போய், ஒரு பொம்மையைப் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போனாள். கொடுத்தனுப்பிய சின்னவள் அவளைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டாள்.

கரடியைக் காணாமல், மழையில் நனைந்து, செருப்பில் சேறு அப்பிக்கொண்டு வந்தவர்கள் இன்னொரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மரத்தைப் பார்ப்பதற்கா இவ்வளவு காசு என்று அவர்கள் தங்களுக்குள் வைதுகொண்டது பெரியவளின் காதில் தெளிவாகவே விழுந்தது. அவர்கள்தான் அதிகம். பத்துப் பேர் உள்ளே போனால் கரடி இரண்டு பேர் கண்ணில் பட்டால் உண்டு. அவர்களையும் நிறுத்திக் கேட்டிருக்கலாம். நாலு பேர் கடித்தாலும் ஐந்தாவது ஆள் சொல்லியிருப்பான். பலகையோடு திரும்பிப் போனவர்களைக் கேட்க வேண்டியதே இல்லை, உள்ளே போகாதவர் பார்வையாளர் ஆகமாட்டார் என்பதும் சட்டம்தான். அந்தச் சட்டத்தை மட்டும் பெரியவள் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

முதல் நாள் மத்தியானமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து கடைக்குப் போய், அடியே, நீ காட்டுகிறவர்கள் எல்லோரும் உன் தலையில் கல்லைப் போடுகிறார்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாய் வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து, "அக்கா, அங்க பாரு, மூணு பேரு, பல்லெல்லாம் தெரியுது" என்று சின்னவள் தாடையை ஆட்டினாள். பெரியவள் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அந்த மூன்று பேரிடம் போனாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கால் அதைவிட வலித்தது.

சாயங்காலம் கடையைச் சாத்துகிற நேரத்தில், எப்படிப் போகிறது என்று சின்னவள் கேட்டாள்.

"கலந்து கட்டி வருது."

"கொஞ்சம் வேணாம்னு, கொஞ்சம் வேணும்னா?"

"அந்த மாதிரிதான்."

நாளைக்கு இன்னும் நல்ல ஆட்களாகக் காட்டுகிறேன் என்றாள் சின்னவள். காட்டவும் செய்தாள். கணிப்பு முடிகிற வரைக்கும் வியாபாரத்தைக்கூட அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு, மகிழ்ச்சியான மனுஷர்களாகப் பொறுக்கிப் பொறுக்கித் தன் அக்காவுக்குக் கொடுத்தாள். கடைசி நாள் ஒரு கரடி பொம்மையும் கொடுத்தாள், நிறையப் பஞ்சு அடைத்த நல்ல பொம்மை. பெரியவள் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல நேரம் பிடிக்காது. மக்களில் பெரும்பாலோர் மனமுவந்து கட்டண உயர்வை வரவேற்கிறார்கள் என்று முடிவு வந்தது. கட்டணம் இரட்டிப்பானது. பஸ் கூட்டம் பாதியானது, பிறகு பஸ்ஸே பாதியானது. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில், சின்னவளின் கடைக்கு நேர் எதிரே, துறை ஒரு புதுப் பலகை வைத்தது. "உங்கள் விருப்பப்படியே கட்டணம் மாற்றி அமைக்கப்பட்டுள்ளது." ஈ ஓட்டிக்கொண்டிருந்த அவளுக்கு நாள் முழுக்கப் படிக்க அது ஒன்றுதான் இருந்தது. பலகைக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் முன்னைவிட அதிகமானார்கள். ஆனால் இப்போது அவர்கள் பொம்மைகளின் பக்கம் பிள்ளைகளின் முகத்தைத் திரும்பவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு போனார்கள். சின்னவளும் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

அவள் திட்டியதெல்லாம் ஜனங்களைத்தான். சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு அடிமடியில் கை வைத்துவிட்டார்களே, அந்தக் கும்பல் நாசமாகப் போக என்று போனில் அழுதாள். நீ என்னக்கா பண்ணுவ, உன்னால ஆனத நீ பண்ணுன என்று ஆறுதலும் சொன்னாள். ஜன்னலோரத்தில், மின்விசிறிக்குக் கீழே, கால்களை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மேசைமேல் பஞ்சுக் கரடி இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள்.

குத்தகைப் பணம் கட்ட முடியாமல் கடையைத் துறை திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சமிருந்த தொப்பிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு சின்னவள் அக்காவின் அலுவலகத்துக்கே வந்து நின்றாள். ஏதாவது வேலை வேண்டும் என்றாள். பெரியவள் உடனே போட்டுக்கொடுத்தாள். கூடப் பிறந்தவளுக்குக் கைகொடுத்தாள் என்று அலுவலகமே மெச்சியது. செய்த பாவத்தைக் கழுவத்தான் கொடுத்தாள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு மனசு ரொம்ப நல்ல மனசு. மலையில் வந்த முடிவைப் பார்த்துத் துறை ஏரிப் பூங்காவையும் நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. அங்கேயும் கட்டணத்தை ஏற்ற வேண்டும். அந்த வாசலில் நிற்க ஆள் வேண்டும். அதுவும் முகம் பார்க்கத் தெரிந்த ஆள். சின்னவளைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பாள்?

கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டதும் பெரியவளேதான். சிரித்துக்கொண்டு வருகிறவர்களாகப் பார்த்துக் கேள், உனக்குத்தான் தெரியுமே என்று சொல்லி அனுப்பினாள். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான், பழைய வாசலெல்லாம் மறந்து போகும்.

முதல் நாள் மத்தியானம் சின்னவளிடமிருந்து போன் வந்தது.

வாசல் இரைச்சல் கேட்டது. பிள்ளைகளின் சத்தம், பஸ் ஹாரன். சாப்பிட்டாயா என்று பெரியவள் கேட்டாள்.

"அக்கா, இங்க கொக்கு நாரையெல்லாம் பாத்துட்டுச் சிரிச்சிட்டு வர்றவங்க இருக்காங்கல்ல. அத்தன பேரும் ஏத்தலாம்னுதான் சொல்றாங்க."

பெரியவள் மேசையைப் பார்த்தாள்.

"பாக்காம வர்றவங்களயும் நிறுத்திக் கேட்டேன். அவங்க வேணாங்கறாங்க. ஒரு மணி நேரம்கூட ஆகல, எனக்கே தெரிஞ்சுபோச்சு." மூச்சு வாங்குவது கேட்டது. "நீ எங்கிட்ட டீ குடிச்சிட்டு அத்தன நாள் உக்காந்திருந்த. உனக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்புவதற்குச் சின்னவள் அப்போதும் தயாராகத்தான் இருந்தாள், அது குரலிலேயே தெரிந்தது. பெரியவளுக்கு அவமானம் மேலுக்கு ஏறி முகமெல்லாம் எரிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர், ஏரி எப்படிப் போகிறது என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டார். நன்றாகப் போகிறது என்று அவருக்குத் தலையாட்டினாள்.

சின்னவள் போனை வைக்கவில்லை. கடை போயிருந்தது, புருஷன் கட்டிலில் கிடந்தான், அட்டை கழுத்தில் தொங்கியது. வைத்துவிட்டு எங்கே போவாள்? மறுபடி அவள் பேசியபோது குரல் மாறியிருந்தது. துறை அதிகாரியிடம் குத்தகையை நீட்டித்துத் தரும்படி கேட்கப் போகும்போது பேசுவாளே, அந்தக் குரல்.

"இப்ப நான் யாரக் கேக்கணும், மேடம்?"

பிறந்ததிலிருந்து அவள் வாயில் அக்காவைத் தவிர வேறு வார்த்தை வந்ததில்லை. பெரியவள் முக்காலியிலிருந்து கால்களை இறக்கிக் கீழே வைத்தாள். வைத்ததும் வலி சுருக்கென்றது. மறுபடி தூக்கி முக்காலிமேலேயே வைத்துக்கொண்டாள்.

"சிரிச்சிட்டு வர்றவங்களையே கேளு" என்றாள்.