திமிங்கலம் தட்டுப்பட்டால்

கணவன் ஆல்வினின் வீடியோ அழைப்பு வந்தபோது சகாயசெல்வி மாமனாரின் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தோணிராஜ் விடியற்காலையில் இறந்திருந்தார்.

கப்பலில் இருக்கும் மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. நாத்தனார் சத்யபிரியா விடவில்லை. “அடக்கத்துக்கு எப்படியும் அவனால வர ஏலாது. நடுக்கடல்ல ஏதாச்சும் பண்ணிக்கிட்டா நீ பதில் சொல்லுவியா?”

ஆல்வின் அந்தக் கப்பலில் சமையல்காரன். நியூசிலாந்துக்குத் தெற்கே ஆளில்லாத தீவுகளுக்குப் போகும் கப்பல். பறவைகளையும் கடல்சிங்கங்களையும் பார்க்கப் பணக்காரர்கள் வருவார்கள். வேலைக்கு நடுவே மேல்தளத்துக்கு ஏறி, போனில் அப்பாவுக்குக் காட்டுவான். சிறகை அசைக்காமலே கப்பலோடு வரும் அல்பட்ராஸை, தோல் பதனிடும் ஷாப்பில் வேலைசெய்து முதுகு வளைந்த அந்த மனிதர் நெடுநேரம் பார்ப்பார். “இது எப்பலே எறங்கும்?” என்பார். திமிங்கலம் மட்டும் அமையவில்லை. தட்டுப்பட்டால் எந்நேரமானாலும் கூப்பிடச் சொல்லியிருந்தார்.

எடுக்காவிட்டால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போன் அடிப்பான். அழுகைச் சத்தம் எட்டாத தெருக்கோடிக்கு நடந்துபோய் செல்வி போனை எடுத்தாள்.

“அப்பாட்டக் குடு, வெரசா. ரெண்டு கெடக்கு செல்வி, தாயும் குட்டியும்.”

“மாமா தூங்குறாக.”

“எழுப்பு. அவருதான் எழுப்பச் சொன்னாரு.”

அப்போது மாதா கோயிலில் துக்கமணி அடித்தது. ஒன்று. நெடிய இடைவெளி. இன்னொன்று.

“யாருக்கு?” என்றான்.

தெரியாது என்று சொல்ல முடியாது. மணி யாருக்கென்று தெரியாத வீடு அந்தத் தெருவில் கிடையாது.

“ஞானராஜ் மாமாவுக்கு.” வாயில் வந்த பெயர். அடுத்த வீட்டுக்காரர், மாமனாரின் கூட்டாளி.

“அய்யோ. அப்பாட்டச் சொல்லாத, தாங்க மாட்டாரு. போன வாரந்தான் சீட்டாட்டத்துல ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாக. ‘நீ செத்தா மாலைகூடப் போட மாட்டேன்டா’ன்னு அப்பாவப் பாத்துக் கத்துனாரு மனுசன்.”

பூ மார்க்கெட்டிலிருந்து ஞானராஜ் வந்துகொண்டிருந்தார். தோளில் ரோஜா மாலை. செல்வி போனைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். “ஆல்வினா? மனசத் தேத்திக்க அப்பு. நாங்க நல்லபடியா எடுத்துருவோம்.”

ஆல்வின் அவரைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். அவன் தலைக்குப் பின்னால் ஒரு பறவை காற்றில் நின்றது.

“அப்பாட்டக் கொண்டு போ,” என்றான்.

வீட்டில் சத்யபிரியா எழுந்து வந்து கையைப் பிடித்தாள். “சொல்லிட்டியாடி?” செல்வி கையை விடுவித்துக்கொண்டாள். பெட்டியின் கண்ணாடிமேல் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்து, மாமனாரின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள்.

ஆல்வின் காமிராவைக் கடல் பக்கம் திருப்பினான். சாம்பல் நீரில் ஒரு கரிய முதுகு எழுந்தது. அதை ஒட்டிச் சின்னதாக இன்னொன்று.

“அப்பா, அந்தா.”

கப்பலில் எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

“சத்தத்தக் கொறடி,” என்றாள் சத்யபிரியா.

செல்வி குறைக்கவில்லை.