வீடு திரும்பினார்

காலையில் எழுந்ததும் படுக்கையில் ஒரு பக்கத்தை மட்டும் உதறிப் போடுகிறேன். மறுபக்கம் கலைவதில்லை. பல் தேய்க்கிறேன். தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன். அது கொதிப்பதற்குள் முகச்சவரம் முடிந்துவிடும். ஒரு தம்ளரில் கொஞ்சம் வெந்நீர், மீதி பச்சைத் தண்ணீர். அதை மேசையில் போனுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, டப்பா மூடியில் வைக்கிறேன்.

அந்த நேரத்துக்கு அத்தை வந்துவிடுவார். என் மனைவியின் அம்மா. அடுத்த தெருவில்தான் இருக்கிறார். கையில் சாப்பாட்டு டப்பா இருக்கும்.

"சூடா இருக்கு மாப்பிள்ள. மூடியத் திறந்து வைங்க, வேர்த்துடும்."

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்வார். இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

போன் அடிக்கும். ஸ்பீக்கரில் போடுவேன்.

"வணக்கம். மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம். காலை. மாத்திரை. ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு. தயவுசெய்து மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டால், எண் ஒன்றை அழுத்துங்கள்."

ஒன்றை அழுத்துவேன். "நன்றி" என்று சொல்லிவிட்டுக் குரல் போய்விடும்.

அது என் மனைவியின் குரல். மாத்திரையும் அவளுக்கு எழுதியதுதான். அவள் இறந்தபிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது.

அத்தை தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். மாத்திரையை நான் குப்பையில் போடுவேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் காலை மட்டும் அத்தை மாத்திரை இருந்த மூடியைப் பார்த்து, "வீணாத்தானே போகுது" என்றார். "குடுங்க, நான் போட்டுடறேன்." கொடுத்தேன். வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

நான் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். அவள் அங்கேயே இதய வார்டில் நர்ஸாக இருந்தாள். வீட்டுக்குப் போன நோயாளிகள் மாத்திரையை மறந்துவிட்டு மறுபடியும் அதே கட்டிலுக்கு வந்து சேர்வார்கள். அதற்காகத்தான் இந்த அழைப்பு முறையைக் கட்டினோம். இயந்திரக் குரலை யாரும் மதிக்கவில்லை, பாதியிலேயே வைத்துவிட்டார்கள். மனிதக் குரல் வேண்டும் என்றார் மேனேஜர். வெளியாளைப் பிடிக்க நேரமில்லை. என் வீட்டிலேயே ஒரு குரல் இருந்தது.

படுக்கையறையில் பதிவு செய்தோம். எதிரொலி வராமலிருக்க இருவரும் ஒரு போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டோம். தரை முழுக்க ஒயர். காலை. மாலை. ஒன்று. இரண்டு. தயவுசெய்து. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எந்த நோயாளிக்கு எது தேவையோ, கணினி அவற்றை ஒட்டிக்கொள்ளும்.

"கல்யாணம் ஆனதுல இருந்து, நான் பேசுறத நீ இவ்ளோ கவனமா கேக்கறது இன்னைக்குத்தாம்ப்பா" என்றாள்.

"ஒயர மிதிக்காத."

"போர்வைக்குள்ள பொண்டாட்டிய உக்கார வச்சுக்கிட்டு ஒயரப் பத்திக் கவலப்படற ஒரே ஆம்பள நீதான்."

அதையும் கருவி பதிந்துகொண்டது. அந்தத் துண்டைக் கணினிக்குக் கொடுக்கவில்லை.

முறை நன்றாகவே வேலை செய்தது. மக்கள் கேட்டார்கள், மாத்திரை சாப்பிட்டார்கள், ஒன்றை அழுத்தினார்கள். வார்டுக்குத் திரும்பி வருகிறவர்கள் குறைந்தார்கள். அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டது என்றார்கள். அவள் வார்டிலேயே அவளைப் படுக்கவைத்தார்கள். ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது.

காரியங்களெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய மறுநாள் காலை முதல் அழைப்பு வந்தது. பின்னாலேயே மருந்துப் பிரிவிலிருந்து மாத்திரைப் பொட்டலமும் வந்தது. அவள் பதிவைத் திறந்து பார்த்தேன். நிலை என்ற கட்டத்தில் "வீடு திரும்பினார்" என்று இருந்தது. யாரோ துக்கத்தில் தவறாக அழுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாற்றுவதற்கு ஒரு நொடி போதும். மாற்றாமல் திரையை மூடினேன்.

அத்தை மூடியை வாங்கிக்கொண்ட அந்தக் காலை, எங்கள் பிரிவு வாசலில் ஒருவர் நின்றிருந்தார். லாரி டிரைவர் என்று சொன்னார். கையில் ஒரு பழைய போன்.

"இந்த போன் பண்றது நீங்கதானா?"

"எங்க சிஸ்டம் பண்றது. என்ன பிரச்சனை?"

"எங்கப்பா போய்ச் சேந்து மாசக்கணக்கு ஆவுது. டெய்லி அவருக்கு போன் வருது. செத்தவருக்கு மாத்திரை அனுப்பற ஆஸ்பத்திரி, உயிரோட இருக்கறவனுக்கு டோக்கன்தான் குடுக்குது. நல்ல ஆஸ்பத்திரி சார்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் முன்ன பின்ன. போன் வந்தா அப்பா நாற்காலி பக்கத்துல தண்ணியும் மாத்திரையும் எடுத்து வைக்கும். சரி, அதுக்கு ஒரு நிம்மதி, வச்சிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நேத்து வண்டிய விட்டுட்டு வந்து பாத்தா, தரையில கெடக்குது. வீணாப் போகுதேன்னு அதுவே முழுங்கிடுச்சு."

தம்ளர், மூடி, நாற்காலி நுனி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"மேலதான். உங்க இதய வார்டுலயே. கண்ணு முழிச்சிடுச்சு." போனைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஒருநாள் வாயாரத் திட்டணும்னுதான் சார் எடுத்தேன். அந்தப் பொண்ணு குரல் இருக்குதே, அவ்ளோ மரியாதையா பேசுது. திட்ட வாய் வரல."

"அது ரெக்கார்டிங்."

"தெரியும் சார். இருந்தாலும்."

அவருடைய அப்பாவின் பதிவைத் திறந்தேன். வீடு திரும்பினார்.

இதய வார்டுக்குப் போனேன். அவள் இறந்தபின் அந்தப் படிகளில் ஏறியதில்லை. அவள் படுத்திருந்த ஜன்னலோரக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த டிவி வேலை செய்யல, என்னன்னு பாரு" என்றார் அந்த ஆள். பார்த்தேன். பிளக்கைச் செருகாமல் விட்டிருந்தார்கள். செருகினேன்.

பெரிய சிஸ்டர் மேசையில் இருந்தார். என் மனைவிக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். இறந்தவரின் பதிவில் 'வீடு திரும்பினார்' எப்படி வந்தது என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரு. கட்டில் காலியாகணும்னா ரெண்டே வழிதான் வச்சிருக்கீங்க. வீடு திரும்பினார், இல்லன்னா இறந்துட்டார். இறந்துட்டார்னு போட்டா, டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டு, பதிவுப் பிரிவு ஏத்துக்கற வரைக்கும் கட்டில் சிவப்பாவே நிக்கும். கீழ ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தன் மூச்சுக்குத் தவிச்சிக்கிட்டு இருப்பான். செத்தவங்களுக்குக் கட்டிலக் குடுத்துட்டு உயிரோட இருக்கறவன வாசல்ல நிறுத்தச் சொல்றியா?"

"அதனால?"

"வீட்டுக்கு அனுப்பிடுவோம். கட்டில் அந்த நிமிஷமே பச்சையாயிடும். இறப்பு எழுதறத பதிவுப் பிரிவு அவங்க கம்ப்யூட்டர்ல அப்புறமா எழுதிக்கும்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வழியக் கண்டுபிடிச்சதே உன் பொண்டாட்டிதான். உனக்குத் தெரியாதா? 'சிஸ்டர், பாவம், அவர வீட்டுக்கு அனுப்பிடுங்க'ம்பா. அப்புறம் நாங்க எல்லாரும் அப்படியே சொல்லப் பழகிட்டோம்."

தெரியாது. எங்கள் கணினியில் இறந்தவர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். வீட்டில் இருக்கிறவர்களை அழைப்பதுதான் நான் எழுதிய நிரலின் வேலை.

"அவளுக்கு யார் அழுத்துனது?"

"நான்தான்." அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "கீழ ஒரு பொம்பள காத்திருந்தா. இவ அந்த இடத்துல இருந்தா அதைத்தான் பண்ணியிருப்பா."

"அந்தம்மா?"

"பொழச்சிட்டா. நடந்தே போனா."

டிரைவரின் அம்மா மூன்றாவது கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். விரலில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப். சிறிய கை. அத்தையின் கை மாதிரிதான் இருந்தது. எல்லா வயதான பெண்களின் கையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. வார்டுத் திரையில் "கட்டில் காலி" என்று மூன்றாவதாக ஒரு பொத்தான் வேண்டும். தினமும் அழைக்கத் தொடங்கும் முன், பதிவுப் பிரிவின் இறப்புப் பதிவுகளைப் பார்த்து, அதில் இருப்பவர்களை நீக்க வேண்டும். அவ்வளவுதான். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். மாத்திரை தவறாதவர்களின் கோடு அதில் மேலே மேலே ஏறியிருந்தது.

"அப்ப இந்தக் கோடு இறங்குமா?"

"கொஞ்சம் இறங்கும் சார்."

"செத்தவங்கதான் ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டாங்கன்னு சொல்ற."

"ஒரு வேளகூடத் தவறல சார்."

அவர் சிரிக்க வாய் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "இன்னைக்கே பண்ணிடு" என்றார்.

பக்கத்து மேசைக்காரனைக் கண்ணாடி என்று கூப்பிடுவோம். அவனுக்கு என் வீட்டுக் காலை தெரியும். ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"டேய், உன் நம்பர மட்டும் ஒதுக்கி வச்சுடலாம். ஒரே ஒரு வரி. எவனுக்குத் தெரியப் போவுது?"

"தப்பில்லையா?"

"தப்புதான். எழுது."

எழுதினேன். எல்லோரையும் நிறுத்து, இந்த ஒரு எண்ணைத் தவிர. அந்த வரி மதியம் வரைக்கும் திரையில் இருந்தது. அவள் துண்டுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. வேண்டியபோது ஒலிக்கவிட்டுக் கேட்கலாம். ஆனால் அது நான் அவளைக் கூப்பிடுவது. காலையில் வருவது அவள் என்னைக் கூப்பிடுவது. இதைச் சரிசெய்த பிறகும் அவள் ஊருக்கெல்லாம் பேசிக்கொண்டுதான் இருப்பாள். முன்பின் தெரியாதவர்களிடம் தயவுசெய்து என்பாள். என்னிடம்தான் பேசமாட்டாள்.

சோதனைக்காக ஒருமுறை ஓடவிட்டேன். அழைப்பு நிற்கப்போகிறவர்களின் பெயர்கள் திரையில் ஏறின. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், அன்று காலை ஒன்று அழுத்தப்பட்டது என்ற குறி இருந்தது. பக்கத்தைக் கீழே நகர்த்தினேன். அங்கேயும் இருந்தது. எங்கள் வீட்டைப் போல எத்தனையோ வீடுகளில் யாரோ தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டிரைவரைத் தவிர ஒருவர்கூடப் புகார் சொல்ல வரவில்லை.

அப்போதுதான் அத்தை அன்று காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. வீணாத்தானே போகுது. நான் மூடியைக் கொடுத்தேன். அத்தை அதைக் குப்பையில் போட்டாரா என்று பார்க்கவில்லை.

போன் செய்தேன். அத்தை எடுக்க நேரமாயிற்று.

"என்ன மாப்பிள்ள, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மாதான்."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

டப்பாவை இன்னும் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டு அந்த ஒரு வரியை அழித்தேன். ஓடவிட்டேன். கண்ணாடி நாற்காலியைத் தன் இடத்துக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை எழுந்தேன். பல் தேய்த்தேன். தண்ணீர் வைத்தேன். தம்ளரைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தபிறகுதான் இனி அழைப்பு வராது என்பது நினைவுக்கு வந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டேன். மாத்திரையை மட்டும் பிதுக்கவில்லை.

அத்தை வந்தார். டப்பாவை வைத்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். போனைப் பார்த்தோம். தேநீர் ஆறி ஏடு படிந்தது.

"இன்னைக்கு லேட்டா?"

"இனிமே வராது அத்தை. நான்தான் நிறுத்திட்டேன்."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அந்த மாத்திரைய என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

இடுப்பிலிருந்த சின்னப் பர்ஸை எடுத்துத் திறந்து காட்டினார். சாவிக்கும் சில்லறைக்கும் நடுவில் அது கிடந்தது.

"குப்பையில போட மனசு வரல. அவளுக்குன்னு வர்றது அது ஒண்ணுதானே." என் கையில் கொடுத்தார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். டெய்லி கேக்கறேன், ஆனா அது எம்பொண்ணு மாதிரியே இல்ல. 'தயவுசெய்து'ன்னு ஒரு வார்த்தை அவ வாயில வந்து நான் கேட்டதே கிடையாது. யாரோ நல்லா வளத்த பொண்ணு பேசற மாதிரி இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு இருவருக்கும் போய்விட்டது.

"அவ போன அன்னைக்கு டீ வாங்கறேன்னு நான் கீழ எறங்கிட்டேன்" என்றார். "நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. எல்லாரும் கேட்டப்ப ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிட்டீங்க. நெஜமாவே ஒண்ணும் சொல்லலியா?"

சொன்னாள். யாரிடமும் சொல்லும்படியான ஒன்று அல்ல அது. நான் கட்டிலை ஒட்டி நின்றிருந்தேன். தலைமாட்டுக் கருவி திடீரென்று கத்தியது. நான் பயந்து திரையைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. நர்ஸின் கண். நேராக என் காலைப் பார்த்தாள். சலிப்பாகத்தான் சொன்னாள்.

"ஒயர மிதிச்சிக்கிட்டு நிக்கறப்பா. தள்ளி நில்லு."