சீக்கிரம் நின்ற ரத்தம்

1

இந்தக் கதை என் ஜன்னலில் இருந்து வந்தது. புதுக் கண்ணாடி பொருத்த வந்தவர் விரலைக் கீறிக்கொண்டார். துணியைச் சுற்றியபடி, "இதய மாத்திரை சாப்பிடறேன் சார், ரத்தம் லேசுல நிக்காது" என்றார். வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் அவரை விடவில்லை.

2

முதல் தொடக்கம்: கண்ணாடிக்காரரின் இதயமும் கண்ணாடியைப் போலவே மெல்லிய

(வேண்டாம். படித்தால் அவரே சிரிப்பார்.)

இரண்டாவது: கண்ணாடிக்காரருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் என்கிற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு மாத்திரைகள்.* "நான் சொல்ற வரைக்கும் எதையும் நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர். இவரும் சமர்த்தாகத் தலையாட்டினார்.

இது இருக்கட்டும்.

* ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. காயத்தை மூடுவதும் அந்த அணுக்கள்தான், ஸ்டென்ட்டை அடைப்பதும் அவைதான். எங்கே ஒட்டலாம், எங்கே கூடாது என்று அவற்றுக்குத் தெரியாது.

3

கையுறை போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். அவர் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

"உறை போட்டா கண்ணாடியில கீறுற கோடு எவ்வளவு அழுந்துதுன்னு கைக்குத் தெரியாது. கண்ணாடி கோணலா உடையும்."

வெட்டிய கண்ணாடியில் எல்லாம் ரத்தக்கறை. கடைக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். மனிதர் யாரிடமும் மூச்சு விடாமல் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

(இவ்வளவு நிதானமானவர் இப்படிச் செய்வாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. செய்வார். பிழைப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஸ்டென்ட் உள்ளே எங்கேயோ இருக்கிறது.)

4

மனைவி கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது மறுபடி விரல் கிழிந்தது. அவள் வழக்கம்போலப் பஞ்சை வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தால், காயம் காய்ந்திருந்தது.

"பாரு, நின்னுடுச்சு" என்றார், கொஞ்சம் பெருமையாக.

அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்போ நிறுத்தினீங்க?"

"எதை?"

"ரத்தம் இவ்வளவு சீக்கிரம் நின்னா எனக்குப் பயமா இருக்குங்க. மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க?"

அவர் கண்ணாடித் தூளைத் துடைக்க ஆரம்பித்தார்.

5

முடிவு அ: அன்று மாலையே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு

(அடித்துவிட்டேன். காகிதத்தில் ஆளைக் கொல்ல ஒரு வரி போதும்.)

முடிவு ஆ: ஒன்றும் ஆகவில்லை. (இதுவும் நடக்கும். எனக்கு இதுதான் அதிக பயம். தான் செய்தது சரி என்று நினைத்துக்கொள்வார்.)

ஆகவே இதுவரை எழுதியது: மனைவி டாக்டருக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க, ஒழுங்கா மாத்திரை சாப்பிடறீங்களா?" என்கிறார் டாக்டர்.

அவருக்காக ஒரு பதில் எழுதினேன். பொய்யாக வந்தது. இன்னொன்று எழுதினேன், வீரவசனமாகப் போயிற்று. போனை உங்களிடம் தருகிறேன். யோசித்துச் சொல்லுங்கள், அவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.