செசிலி ஒட்டிய வரி

அந்த வரியைச் சேர்த்த அன்றைக்கே செசிலியின் கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும். ‘இது ஆய்வுக்கு மட்டும், யாரும் விற்கக் கூடாது.’ இவ்வளவுதான். இதற்காக மாதக்கணக்கில் நாயாய் அலைகிறேன்.

நாளைக்குக் கரையில் எவ்வளவு உயரம் அலை எழும் என்று இன்றைக்கே சொல்லும் மென்பொருள் அது. 2006இல் என்னோடு எம்.எஸ்சி. படித்த செசிலி ஆய்வுக்காக எழுதினாள். எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலில் கடல் நிலவரம் அறிவிக்கும் மைக் அறைக் கணினியில் ஓடுவது, யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற லினக்ஸ். பக்கத்து ஊர்களிலும் அதுதான். அதன் தொகுப்பில் இதைச் சேர்த்துவிட்டால் யாரும் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். போன ஆனியில் வள்ளம் கவிழ்ந்து என் சித்தப்பா மகன் டைட்டஸ் போனபிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மென்பொருளைப் பொதியாகக் கட்டி லினக்ஸ் தொகுப்புக்கு அனுப்பினேன். அங்கே சரிபார்க்கிறவர்கள் திருப்பிவிட்டார்கள். விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தாலே அது கட்டற்ற மென்பொருள் ஆகாதாம். ‘ஆய்வுக்கு மட்டும்’ என்றால் மீன் விற்றுப் பிழைப்பவர் தொடவே முடியாதே என்று ஒருவர் கேட்டிருந்தார். எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை.

செசிலி இப்போது கன்னியர் மடத்தில் இருக்கிறாள். அந்த மடத்துக்காரர்கள் வெளியே வருவதில்லை. நான் போனபோது கம்பி அழிக்குப் பின்னால் நின்று சிரித்தாள். அந்த வரியை யோசித்துப் போடவில்லையாம்; வேறெதிலிருந்தோ எடுத்து ஒட்டினாளாம். அப்படியானால் மாற்றிக் கையெழுத்துப் போடு என்றேன்.

“எனக்குன்னு இப்ப ஒண்ணும் கெடையாது ரெனிஷ். கடைசித் துறவு வார்த்தைப்பாட்டுக்கு முந்தியே எல்லாத்தையும் அண்ணன் பேருக்கு எழுதிக் குடுத்தாச்சு. அவன்ட்ட கேளு.”

ஆக, மீனவர் தொடக்கூடாத மென்பொருளுக்கு உரிமையாளர் ஒரு மீனவர். தலையில் அடித்துக்கொண்டேன்.

லினக்ஸின் அடுத்த வெளியீட்டுக்கு அனுப்ப இன்று மாலையே கடைசி. விட்டால் இன்னும் இரண்டு வருடம். காலையிலேயே போய் நின்றேன். செசிலியின் அண்ணன் மத்தியாஸ் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். விவரம் கேட்டதும் முகம் இறுகிவிட்டது.

“அவ எழுதுன வார்த்தைய மாத்த நான் யாரு மக்கா?”

ஒட்டிய வரி என்று எவ்வளவோ சொன்னேன். ஏறவில்லை. மடத்தில் அவளுக்குப் பேரைக்கூட மாற்றிவிட்டார்கள், வீட்டில் அவளுடையது என்று ஒரு துணிகூட மிச்சமில்லை என்றார். கடைசியில், எத்தனை கணினிக்குப் போனாலும் எழுதியவர் பேரை யாரும் எடுக்கக் கூடாது, அது சட்டம் என்றேன்.

“செசிலின்னா இருக்கும்?”

“செசிலின்னுதான் அண்ணே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியை நீக்கச் சம்மதம் என்று நான் எழுதிக் கொண்டுபோன தாளோடு வீட்டுக்குள் போனார். கையெழுத்துப் போட்டு, நான்காய் மடித்துக் கொண்டுவந்து தந்தார். நான் பிரித்துப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

கொட்டாரம் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஸ்கேன் செய்யத் தாளை விரித்தேன். கையெழுத்துக்குக் கீழே குண்டு குண்டாக எழுதியிருந்தார்: ‘என் தங்கச்சி சொன்னபடி இதை யாரும் விற்கக் கூடாது.’

அந்த வரியை மறைத்து அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது. மனம் ஒப்பவில்லை. அவருக்குப் போன் போட்டேன். மனைவி எலிசா எடுத்தார். அண்ணன் கடலுக்குப் போய்விட்டார், விடியத்தான் வருவார் என்றார்.

அலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அது போனாத்தானே தெரியும்” என்றார்.