இன்னும் மூன்று பேர் வேண்டும்

1

இந்தக் கதை பிறந்த விதம் அவ்வளவு கௌரவமானதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை தர வேண்டும். அது வரவில்லை. அதன் இடத்தில் இது வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வொரு பிப்ரவரியும் எனக்குக் கொடுக்கப்படும் தலைப்பு ஒன்றுதான்: நம் அணிக்கு இன்னும் ரிசீவர்கள் தேவையா? ஜனவரியில் ஆட்டங்கள் முடிந்துவிடும். மறுபடி தொடங்க செப்டம்பர் ஆகும். அதுவரை இந்த ஏரிக்கரை ஊருக்கு மென்றுகொண்டிருக்க ஏதாவது வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த அவலை நான்தான் போடுகிறேன். இங்கே யாருக்கும் மாறன் என்று சொல்ல வராது, மேரன் என்பார்கள். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

[ரிசீவர் யார் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்கக் கால்பந்தில் ஒருவன் நடுவில் நின்று பந்தை எறிவான். இன்னொருவன் ஓரத்திலிருந்து ஓடிப்போய்ப் பிடிப்பான். இனி எறிபவன், பிடிப்பவன் என்றே எழுதுகிறேன். கையாட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள்.]

2

முதல் தொடக்கம்:

"பனி கொட்டிய அந்த ஜனவரி மாலையில், குவின்சி ஹாலோவே என்னும் மாவீரன்

வேண்டாம். அவன் மாவீரனெல்லாம் இல்லை. முப்பத்தொரு வயது, அணியின் நான்காவது பிடிப்பவன், முழங்கால் இரண்டிலும் தழும்பு. இன்னும் இரண்டு வருடம் ஆடிவிட்டால் போதும் என்று இருந்தவன்.

இரண்டாவது தொடக்கம்:

"தவறு யாருடையது என்று, அதைப் பற்றி எழுதிய அன்று எனக்குத் தெரியா

இதையும் விடுகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தால் ஞாபகப்படுத்துங்கள்.

மூன்றாவது, நடந்தபடியே: போன வருடம், கடைசி ஆட்டம், கடைசி நிமிடம். அன்று குவின்சி ஓட வேண்டிய ஓட்டத்தில் ஒரு விதி உண்டு. எதிராளி ஒட்டி நின்றால் பிடிப்பவன் நேராக ஓட வேண்டும். எதிராளி விலகி நின்றால், சட்டென்று நின்று திரும்ப வேண்டும். எறிபவனும் அதே எதிராளியைப் பார்த்து அதே முடிவுக்கு வர வேண்டும். பேசிக்கொள்ள நேரம் கிடையாது.

குவின்சி ஓடினான். அவன் நின்று திரும்புவான் என்று நினைத்து எறிபவன் கோல் பிரான்ட்னர் எறிந்தான். யாருமில்லாத இடத்துக்குப் போன பந்தை எதிரணிக்காரன் பிடித்தான். ஆட்டம் போயிற்று, அந்த வருடமே போயிற்று. எதிராளி ஒட்டி நின்றானா விலகி நின்றானா என்பது பனியில் எங்கள் இருக்கைகளிலிருந்து தெரியவில்லை.

உடைமாற்றும் அறையில் பதினைந்து ஒலிவாங்கிகளுக்கு நடுவே குவின்சி சொன்னான்: "என் தப்பு. நான் நின்னிருக்கணும். கோல் சரியாத்தான் போட்டான். எழுதிக்கங்க, என் தப்பு."

இந்த ஆட்டத்தில் இது ஒரு மரியாதை. எறிபவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. பிடிப்பவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வான். மறுநாள் எறிபவன் வந்து, "சேச்சே, அவன் நல்லவன், அப்படிச் சொல்றான், தப்பு என்னுது" என்று திருப்பி வாங்கிக்கொள்வான். இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகி விஷயம் கரைந்துவிடும்.

மறுநாள் கோல் வாயைத் திறக்கவில்லை. புது ஒப்பந்தத்துக்குக் காத்திருந்தான்.

3

அந்தப் பிப்ரவரியில் நான் எழுதிய கட்டுரையின் தலைப்பு "இன்னும் மூன்று பேர் வேண்டும்". கடைசிப் பத்தியில் குவின்சியின் வார்த்தைகளையே போட்டேன்: நான் நின்னிருக்கணும். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று முடித்தேன். அப்போது அந்த முடிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வானொலிக்காரர்கள் அதை ஒரு வாரம் வாசித்தார்கள். ஒருவர் 'நான் நின்னிருக்கணும்' என்பதைப் பனியனில் அச்சடித்து விற்றார். ஏப்ரலில் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கும் நாளில் அணி சரியாக மூன்று பிடிப்பவர்களை எடுத்தது. மேலாளர் என் பேச்சைக் கேட்டா ஆள் எடுக்கிறார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆகஸ்டில் ஆட்களைக் கழிக்கும் நாள் வந்தது. அன்று ஒருவர் கதவுகளைத் தட்டிக்கொண்டே போவார். "கோச் கூப்பிடுறார். டேப்லெட்டையும் எடுத்துக்கிட்டு வா." அவ்வளவுதான் வாசகம். ஆட்டத் திட்டங்களெல்லாம் அந்த டேப்லெட்டில் இருக்கின்றன. அதைத் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது என்று பொருள். குவின்சி பத்து வருடத்துச் சாமான்களைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு, தோளில் சுமந்துகொண்டு வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டிப் போனான். நான் என் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

4

சரி, நீங்கள் ஞாபகப்படுத்தவே வேண்டாம்.

கட்டுரை எழுதுவதற்கு மூன்று வாரம் முன்பு, அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவர் என்னைக் காலை உணவுக் கடைக்கு வரச்சொன்னார். அவரை மீசைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மீசை கிடையாது. அடையாளம் தெரியாமலிருக்க நான்தான் ஒட்டியிருக்கிறேன்.

"வீடியோவை பதினோரு தடவ பாத்துட்டேன் மேரன்," என்றார், முட்டையைத் தொடாமல். "அந்த எதிராளி ஒட்டிக்கிட்டு நின்னான்யா. குவின்சி ஓடுனதுதான் சரி. சொதப்புனது கோல்."

"எழுதட்டுமா?"

"என் பேரு வந்தா என் சீட்டு கிழிஞ்சிடும். பேரு போடாம எழுது. எழுதுவியா?"

"பாக்கலாம்," என்றேன்.

எழுதவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கோலைப் பகைத்துக்கொண்டால் அப்புறம் அவன் பேட்டி கிடைக்காது. குவின்சியின் வாக்குமூலமோ கைவசம் தயாராக இருந்தது, அதுவும் அவன் வாயாலேயே. பாவி, நான் அதை எடுத்துப் போட்டேன்.

5

டிசம்பரில் இரும்புக்கடையில் குவின்சியைப் பார்த்தேன். வாசல் பனிக்கட்டியில் தூவும் உப்பு மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"எடுய்யா மேரன், உப்பு தீரப்போகுது. அப்புறம் வழுக்கி விழுந்துட்டு அதுக்கும் நாந்தான் காரணம்னு எழுதுவ."

சிரித்தேன். அவனும் சிரித்தான்.

"எந்த டீமாவது கூப்பிட்டாங்களா?"

"முப்பத்திரெண்டு வயசு. நிக்கத் தெரியாதவன்னு பேரு வேற. எவன் கூப்பிடுவான்?" கண்ணாடிக்கு வெளியே அவன் கார் தெரிந்தது. பின்னிருக்கையில் பன்னிரண்டு வயது மகள் இமானி, தலையில் தொப்பி. "கடைக்குள்ள வரமாட்டேங்கிறா. ஸ்கூல்ல இவ நடந்து வந்தா, எதுக்க வர்ற பிள்ளைங்க சட்டுனு நின்னு திரும்புதுங்களாம். இப்ப அதான் அங்க விளையாட்டு."

[உருக்குவதற்கு ஒரு குழந்தையைக் கொண்டுவந்துவிட்டான் என்று சிலருக்குத் தோன்றும். அவளை எடுத்துவிட்டும் எழுதிப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனால்தான் திரும்பப் போட்டேன்.]

"போன வாரம் கேட்டா, 'ஏன்ப்பா நிக்கல?'ன்னு."

"என்ன சொன்ன?"

"தப்பு பண்ணிட்டேன்னேன். வேற என்ன சொல்ல? கோலைக் காட்டிக்கொடுத்தவன்னு ஆயிட்டா, சின்ன லீக்ல கூட ஒருத்தன் சேக்க மாட்டான்." ஒரு மூட்டையை ஏற்றினான். "உனக்கு உண்மை தெரியும்ல?"

"தெரியும்."

"எப்பருந்து?"

[இங்கே முதலில் "கட்டுரைக்கு முன்னாடியிருந்தே" என்று எழுதியிருந்தேன். என்னைவிட நல்ல பாத்திரம் ஒன்று சொல்ல வேண்டிய பதில் அது. அடித்துவிட்டேன்.]

"கொஞ்ச நாளா," என்றேன்.

"அப்ப நீ எழுது. நான் சொல்லக் கூடாது, நீ எழுதலாம்ல? உன் பேப்பரை வரி விடாம படிக்கிறா அவ. எனக்கு வேலை திரும்ப வராது, தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா போதும்யா."

6

முடிவுகள்.

ஒன்று: வெள்ளிக்கிழமை எல்லாம் அச்சில் வருகிறது, எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பது உட்பட. இமானி படிக்கிறாள். என் வேலை போகிறது, தூக்கம் வருகிறது. நல்ல முடிவுதான். இதுவரை என்னைப் படித்தவர்கள் நம்பமாட்டார்கள்.

இரண்டு: வழக்கம்போல எழுதுகிறேன். ஆமாம், இந்த வருடமும் இரண்டு பேர் வேண்டும். கோல் புது ஒப்பந்தத்தோடு எறிகிறான். அந்த மூன்று பையன்களில் ஒருவன் அடுத்த ஜனவரியில் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்று, "என் தப்பு, எழுதிக்கங்க" என்கிறான். நான் எழுதிக்கொள்கிறேன்.

மூன்று: உண்மையை முழுசாக, ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன். குவின்சிக்கும் இமானிக்கும் கோலுக்கும் என் ஆசிரியருக்கும் தெரியாத ஒரு மொழியில்.

இதுவரை நடந்திருப்பது மூன்றாவது. வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஆசிரியர் க்வென் கேட்டு அனுப்பியிருக்கிறாள்: "மேரன், தொள்ளாயிரம் வார்த்தை எங்கப்பா? நாளைக்குக் காலைல வேணும்." ஆங்கிலப் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருக்கிறது, அதே பழைய கேள்வி. தமிழ்ப் பக்கம் தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது.

உங்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியும். யாராவது இதை எடுத்துப்போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது. கேட்க நாக்கு எழவில்லை.

ஆங்கிலம் எனக்கும் தெரியும்.