நான்காம் மாடியில் நிற்கும் லிஃப்ட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, நான் வாங்கிய திட்டில் பிறந்தது. வாரம் ஒரு பேய்க்கதை சொல்லும் பாட்காஸ்ட் ஒன்றுக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஊர்வாயில் கேட்டதற்குக் கண், காது, மூக்கு வைத்துக் குரல் கொடுப்பவரிடம் தள்ளிவிடுவேன். அவர் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு படிப்பார். கேட்பவர்கள் போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள். அவ்வளவுதான் தொழில்.

அப்படி எழுதியதுதான் லிஃப்ட் கதை. ஒரு பழைய அலுவலகக் கட்டடம். அதன் லிஃப்ட், யாரும் பொத்தானை அழுத்தாமலே நான்காம் மாடியில் நிற்கும். கதவு திறக்கும். வெளியே ஆள் இருக்காது. உள்ளே இருப்பவர்கள், பியூன் முதல் மேனேஜர் வரை, வாயே திறக்காமல் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து ஓர் ஆள் நிற்க இடம் விடுவார்கள். அந்த மாடியில் டைப்பிஸ்டாக இருந்து, லிஃப்ட்டில் மாட்டிச் செத்துப்போன பெண்ணுக்காம் அந்த இடம்.

எனக்கு அது போதவில்லை. பேய் என்றால் சும்மா நின்றுகொண்டா வரும்? பக்கத்தில் நிற்பவரின் பிடரியில் மூச்சு விட வைத்தேன்.*

(*அந்த மூச்சு, குரல் கொடுப்பவர் டீயை ஊதிக் குடித்தபோது தெரியாமல் பதிவானது. ஏகப்பட்ட பேர் பயந்துவிட்டார்கள்.)

2

இப்போது நீங்கள் படிக்கும் இந்தக் கதையை இரண்டு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அவள் செத்து ஐம்பது வருடமாகியும் அந்தக் கூந்தல்—" வேண்டாம். எல்லாப் பேய்க்கும் விரித்த கூந்தல்தானா? ஒன்றாவது கொண்டை போடக் கூடாதா?

"பேய் என்பது ஒரு சமூகத்தின் ஆழ்மனத்தில்—" ஐயோ, கட்டுரை வாடை. அடித்தாயிற்று.

கடைசியில் நடந்தபடியே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நடந்தது இது: அந்தப் பெண்ணின் தம்பி எனக்கு போன் செய்தார்.

3

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று எண்ணிவிடாதீர்கள். எழுபதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் காலமெல்லாம் லென்ஸ் தேய்த்து ஓய்ந்தவர். ஆனாலும் இந்தக் கதைக்கு அவர் தம்பிதான். மருமகள் சமையலறையில் ஓடவிட்டிருந்த பாட்காஸ்ட்டில் கட்டடத்தின் அடையாளம், மாடி, வேலை எல்லாம் ஒவ்வொன்றாக வர, அவர் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாராம்.

"லிஃப்ட் கதைய எழுதுனது நீதானாம்மா?"

"ஆமா சார்."

"எங்க அக்காவ ஏம்மா இப்படிப் பண்ணின?"

"உங்க அக்காவா சார்?"

"அவ லிஃப்ட்டுல சாகல. காய்ச்சல்ல போனா. வீட்டுல, எங்க அம்மா மடியில. அவ லிஃப்ட்டுலயே ஏற மாட்டாம்மா! கதவு மூடுனா மூச்சு முட்டுதுன்னு நாலு மாடியும் படியேறித்தான் போவா. சாயங்காலம் வந்து, 'டேய் குண்டா, காலப் பிடிச்சு விடுடா'ன்னு நீட்டுவா. அவளப் போயி அந்தப் பெட்டிக்குள்ள அடைச்சு, அடுத்தவங்க கழுத்துல மூச்சு விட வச்சிருக்கியே, நியாயமா இது?"

"எடுத்துடறேன் சார்."

"கேட்டவங்க காதுலேர்ந்து எப்படி எடுப்ப?"

அவரே தொடர்ந்தார்.

"அவ எப்படி இருந்தான்னு சொல்ல என்னை விட்டா ஆளில்லம்மா. நானும் போயிட்டா உன் பேய்தான் மிஞ்சும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சரி, சாப்டியா?"

திட்டி முடித்த கையோடு சாப்பிட்டாயா என்று கேட்கிற மனிதரை வைத்துக்கொண்டு எப்படிப் பேய்க்கதை எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.

4

ஒரு பிரதியில் அவரை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும், ஸ்குரூடிரைவரை எடுத்து— கதை அங்கேயே முடிந்துவிடும். இன்னொரு பிரதியில் அழ வைத்தேன். அவர் அழுகிற ஆள் இல்லை. கோபக்காரர். அந்தக் கட்டடத்துக்குத் தன்னைக் கூட்டிப்போகச் சொல்லி என்னைப் பிடுங்கி எடுத்தார்.

"அங்க இருக்கறவங்ககிட்ட நேர்ல சொல்லணும். அது எங்க அக்கா இல்லன்னு சொல்லணும்."

5

மதியச் சாப்பாட்டு நேரம். படியேறத்தான் அவருக்கு ஆசை. முழங்கால் விடவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு லிஃப்ட்டின் நடுவில் விறைப்பாக நின்றார். கூரியர்காரர், கோப்புகளை அணைத்துக்கொண்ட ஒரு பெண், சாப்பிட்டுவிட்டு வந்த நாலைந்து பேர், நான்.

நான்காம் மாடி. நின்றது. கதவு திறந்தது. வெளியே வெறும் வராந்தா, ஓரத்தில் ஒரு துடைப்பான் வாளி.

எல்லோரும் நகர்ந்தார்கள். கூரியர்காரர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை, பயப்படவுமில்லை. பேருந்தில் கைக்குழந்தைக்காரிக்கு ஒதுங்குவது போல ஒதுங்கினார்கள்.

தம்பி அந்த இடத்தையே பார்த்தார். சொந்த வீட்டில் அக்காவுக்கு யாரும் இப்படி இடம் விட்டதில்லை. அவள் படுத்த மூலையில், அவள் போன அடுத்த மாதமே அவர்தான் படுத்தார். அறை நெருக்கடி, என்ன செய்வது? அவளை முகம் அறியாதவர்கள் இத்தனை வருடம் அவளுக்காக நகர்ந்திருக்கிறார்கள். அவர் சொல்ல வந்த வார்த்தைகள் அத்தனையும் காலை வாரிவிட்டன.

6

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) அவர் உண்மையைச் சொல்கிறார். எல்லோரும் அசடு வழிகிறார்கள். மறுநாளிலிருந்து யாரும் நகர்வதில்லை. அக்காவுக்கு லிஃப்ட்டிலும் இடமில்லை.

(ஆ) அவர் வாயைத் திறக்கவில்லை. என் பேய் மூச்சு விட்டுக்கொண்டே—

போனில் படித்துக் காட்டினேன். "ரெண்டையும் கிழிச்சுப் போடு. நான் செஞ்சத எழுது," என்றார்.

அவர் செய்தது இது. வெளியே கையை நீட்டினார்.

"வாக்கா. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல."

கோப்புகளோடு நின்ற பெண் மெதுவாகக் கேட்டாள்: "யாரு சார்?"

"எங்க அக்கா. காய்ச்சல்ல போயிட்டா. லிஃப்ட்டுன்னா அவளுக்கு உயிரே போயிடும், அவ்வளவு பயம்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். வராந்தாவைப் பார்த்தாள். கோப்புகளை இடுக்கிக்கொண்டு, கதவு மூடாமலிருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"மெதுவா வரட்டும் சார். அவசரமில்ல."

அதற்குப் பிறகு நடந்ததும் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். இந்த முறை கண், காது, மூக்கு எதுவும் வைப்பதாக இல்லை. கதவு திறந்தே இருக்கிறது, அவர் கை நீட்டியபடி இருக்கிறது. அந்தப் பெண் பொத்தானிலிருந்து விரலை எப்போது எடுக்கலாம் என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.