இருபதாவது கீற்று

ஆறு மணி நேரமாகப் படம் மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக வந்துகொண்டிருந்தது. நாற்பது கீற்றுகளில் பதினெட்டு வந்திருந்தன.

மலைமேல் ஏரிக்கரையில் நிற்கும் படம் அனுப்பும் கருவிக்கு முழுப் படத்தையும் வைத்துக்கொள்ள நினைவகம் போதாது. கேமராவிடம் ஒரு கீற்றை வாங்கி அனுப்பும். 'கிடைத்தது' என்று நரின் நகர அலுவலகத்திலிருந்து பதில் போனால்தான் அதை அழித்துவிட்டு அடுத்ததை வாங்கும். மழையில் பாதி பதில்கள் போய்ச் சேரவில்லை. வெயில் இல்லாமல் மின்கலமும் இறங்கிக்கொண்டிருந்தது. அது தீர்ந்தால் மிச்சப் படம் இல்லை.

புருல்சா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஏரிக்குக் கீழே மேய்ச்சல் வெளியில் அவள் கணவன் சகினும் இரண்டு பிள்ளைகளும் கூடாரத்தில் இருந்தார்கள். ஏரியின் நீர்மட்டக் கருவி காலையில் திடீரென்று ஓய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தாள்.

"என் மாமியார் கழுதைல போயிருந்தாகூட இந்நேரம் பாத்துட்டு வந்திருப்பா," என்றாள்.

"கழுதைக்கு யாரும்மா சம்பளம் குடுக்குறது?" என்றார் அலுவலகத் தலைவர் எசென்பெக். சிரிக்கவில்லை. காதில் போன் இருந்தது. இருப்பது ஒரே ஹெலிகாப்டர்; ஏரி உடைந்தால் தண்ணீர் மேய்ச்சல் வெளிக்கும் வரலாம், மேற்குப் பள்ளத்தாக்குக்கும் போகலாம்; எங்கே அனுப்புவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணினி முன்னால் இருந்த நுர்சாத் நகரவில்லை. படத்தைத் திரையில் அடுக்கும் நிரலை எழுதியவள் அவள்தான்.

பத்தொன்பதாவது கீற்று விழுந்தது. ஏரி இருக்க வேண்டிய இடத்தில் சேறு.

புருல்சா எழுந்து வந்து திரையின் அடிப்பகுதியில் விரலை வைத்தாள்.

"அதோ! எங்க கூடாரம்! புகை வருது பாருங்க. இந்த மனுசன் டீ போட்டுக் குடிச்சிட்டிருக்கான், நான் இங்க செத்துப் பொழைக்கிறேன்!"

எசென்பெக் குனிந்து பார்த்தார். "கூடாரம் நிக்குது," என்றார் போனில். "தண்ணி அந்தப் பக்கம் திரும்பல. மேற்கால அனுப்புங்க."

"எசென்பெக் பைகே..." என்றாள் நுர்சாத். அவர் கையமர்த்தினார்.

மின்கலத்தின் எண் சுழியமானது. மலையிலிருந்து இனி எதுவும் வராது.

"கிளம்பிட்டாங்க," என்று போனை வைத்தார் எசென்பெக். "திரும்பி வந்து எண்ணெய் போட்டா இருட்டிடும். இன்னைக்கு அவ்வளவுதான்."

புருல்சா தன் பூப்போட்ட தலைத்துணியை அவிழ்த்து நுர்சாத்தின் தோளில் போட்டாள். "நல்ல சேதி காட்டுனவளுக்கு சுயுஞ்சு குடுக்காம போகலாமா? வாங்கிக்கடி. பழசுதான், ஆனா பட்டு."

"வேணாம், புருல்சா எஜே," என்று நுர்சாத் துணியை எடுத்துத் திரும்ப நீட்டினாள். புருல்சா வாங்கவில்லை.

"என்னடி, புடிக்கலையா?"

"வராத எடம் கறுப்பா தெரிஞ்சா அசிங்கமா இருக்குன்னு பைகே போன வருசம் சொன்னாரு. அங்க முந்தின நாள் படம் தெரியுற மாதிரி பண்ணிட்டேன்." சேற்றுக்குக் கீழே திரையில் விரலை வைத்தாள். "இன்னைக்குப் படம் ஏரியோட நின்னுபோச்சு. அதுக்குக் கீழ எதுவும் வரல. இது நேத்து வந்த புகை, எஜே."